பார்த்தவர் சொன்ன வார்த்தை

1935-இல் 'பக்த நந்தனார்' வெளிவந்தபோது ஊர் முழுக்க அதே பேச்சாக இருந்தது. கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா மறைந்தபின் மேடையை விட்டு ஒதுங்கியிருந்த கே.பி. சுந்தராம்பாள், ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆண்வேடத்தில் நந்தனாராக நடித்திருந்தார். வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். படத்துக்கு முன்னாலேயே அந்த லட்சம் ரூபாய் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனந்த விகடனில் கல்கி விமர்சனம் எழுதினார். பனைமரமும் எருமைக்கடாவும் ஆட்டுக்குட்டியும் நன்றாக நடித்திருப்பதாகப் பாராட்டி, மனிதர்களைப் பற்றிய தம் தீர்ப்பை அந்தப் பாராட்டிலேயே சொல்லி முடித்துவிட்டார்.

அந்தப் படத்தின் பிரதி இன்று எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. கல்கி சொன்னது நியாயமா, சுந்தராம்பாளுக்கு அநியாயம் செய்துவிட்டாரா என்று நாமே பார்த்துச் சொல்ல வழியில்லை. படம் போய்விட்டது, படத்தைப் பற்றி ஒருவர் சொன்ன வார்த்தை தொண்ணூறு ஆண்டுகளாக நிற்கிறது. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் திரையிடப்பட்ட 'காளிதாஸ்' கதியும் இதேதான். நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். நம்மில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சொன்னதும் எழுதியதும், பாட்டுப் புத்தகமும், சில புகைப்படங்களும்தான் நம் கையில் இருக்கின்றன.

தமிழ் சினிமாவின் தொடக்க கால வரலாற்றில் பெரும்பகுதியை இப்படிப் பிறர் வாய்ச்சொல்லை நம்பித்தான் எழுதி வருகிறோம். அதனால்தான், படம் பார்த்துவிட்டு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து நாலு வார்த்தை சொல்வதை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. நம் சினிமாவை வளர்த்ததில் ஸ்டுடியோக்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு அந்தப் பேச்சுக்கும் உண்டு என்பது என் உறுதியான கருத்து. ஸ்டுடியோக்களின் வரலாற்றை ஓரளவு எழுதிவிட்டோம். பேச்சின் வரலாற்றை எழுதவில்லை.

திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார். அந்த மௌனப் படக் காலத்திலிருந்தே காட்சியும் பேச்சும் சேர்ந்தே பயணம் செய்தன. பிறகு வந்த டூரிங் கொட்டகைகளில் இது முழு உருவம் எடுத்தது. கொட்டகையில் பெரும்பாலும் ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருக்கும். ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். நகரத்துத் தியேட்டரில் இடைவேளை ஒன்று என்றால் கொட்டகையில் மூன்றோ நாலோ. முறுக்கு, கடலைமிட்டாய், சோடா விற்கிற பையன்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள். முதல் விமர்சனம் அந்த வெளிச்சத்தில்தான் பிறக்கும். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்திருப்பவர், பின்னால் இருப்பவரின் ஏச்சை வாங்கிக்கொண்டே, "பாட்டு ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்லையே" என்பார். பெஞ்சிலிருந்து ஒருவர், "இரு, இன்னும் பாதிப் படம் கிடக்கு" என்பார். அடுத்த ரீல் ஓடி முடிந்து விளக்கு எரியும்போது முதலில் பேசியவரே, "இப்பத்தான் சூடு பிடிக்குது" என்று மாற்றிச் சொல்வார். மாற்றிப் பேசியதற்காக யாரும் அவரைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். முதல் ரீலைப் பற்றிச் சொன்னது முதல் ரீலோடு போயிற்று.

இந்தக் குணம் முக்கியமானது. இதைப் பற்றிப் பின்னால் மறுபடியும் பேச வேண்டியிருக்கும்.

படம் முடிந்து கலைந்த கூட்டம் மறுநாள் காலை டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் கிணற்றடியிலும் உழவு வயலிலும் பிரிந்து நிற்கும். பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகிறவர்கள் செய்தியைக் கொண்டுபோவார்கள். மாட்டுவண்டியில் ஒலிபெருக்கி கட்டி நோட்டீஸ் வீசிக்கொண்டு போன விளம்பரத்துக்கு ஒருநாள் கூட்டம் வரும். இரண்டாம் நாள் கூட்டத்தைத் தீர்மானித்தது முதல் நாள் பார்த்தவர்கள்தான். இன்னொன்றும் உண்டு. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். சாணித்தாளில் சில பக்கங்கள். நடிகர் பட்டியல், பாடல்கள், கதைச் சுருக்கம். சுருக்கம் நாயகி ஆபத்தில் மாட்டிக்கொள்ளும் இடம்வரை வந்து நின்றுவிடும். மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லி முடித்திருப்பார்கள். அந்த மீதியைத் தெரிந்துகொள்ள காசு இல்லாதவர்கள் பார்த்தவரிடம் கேட்டார்கள். பார்த்தவர் முழுக்கதையையும் சொன்னார், நடித்தும் காட்டினார். தம் அபிப்பிராயத்தை அதிலேயே கலந்துவிட்டார். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இப்படிக் கதை சொல்லியே பெயர் வாங்கியவர். பிடிக்காத படமென்றால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு அரிசி புடைக்கப் போய்விடுவார். எங்களுக்கு அதைவிடத் தெளிவான விமர்சனம் கிடைத்ததில்லை.

படித்தவர்கள் இந்தப் பேச்சை மதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படம் மட்டமாக இருந்தால் தரை டிக்கெட்டுக்காக எடுத்தது என்று எழுதினார்கள். நன்றாக ஓடினாலும் அதையேதான் எழுதினார்கள். 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி' இந்த மோதலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மு. கருணாநிதியின் வசனம், சிவாஜி கணேசனின் முதல் படம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். தினமணி கதிர் அதைப் 'பரப்பிரம்மம்' என்று கேலிச்சித்திரம் போட்டுத் தாக்கியது. கருணாநிதி அந்தத் தலைப்பிலேயே ஒரு நாடகம் எழுதி மேடையேற்றிப் பதில் சொன்னார். பத்திரிகைக்கும் ஆசிரியருக்கும் நடந்த இந்தச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். மூர் மார்க்கெட் நடைபாதையில் வித்தை காட்டுகிறவர்கள் நீதிமன்ற வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்துக் காசு சேர்த்தார்கள். படத்தைத் தடைசெய்யவேண்டும் என்று குரல்கள் எழுந்துகொண்டிருக்கும்போதே மக்கள் அதை மனப்பாடம் செய்து முடித்திருந்தார்கள். ஒரு வசனத்தை மனப்பாடம் செய்வதைவிடப் பெரிய அபிப்பிராயம் என்ன இருக்கிறது?

பத்திரிகைகளும் மெல்ல இதைப் புரிந்துகொண்டன. கல்கியின் காலத்தில் விமர்சகர் மேலே நின்று பேசினார். ஐம்பதுகளில் ஆனந்த விகடன் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. முனுசாமி, மாணிக்கம் என்று இரண்டு சாதாரண ஆட்கள் படம் பார்த்துவிட்டு வந்து சென்னைப் பேச்சுத் தமிழில் பேசிக்கொள்வதாகவே விமர்சனத்தை அச்சிட்டார்கள். இன்னொரு ஜோடி சேகர், சந்தர். அவர்கள் கொஞ்சம் படித்த இளைஞர்கள். ஒருவர் புகழ்வார், மற்றவர் மறுப்பார், கடைசியில் பார்க்கலாமா வேண்டாமா என்ற இடத்துக்கு இருவரும் வந்து சேருவார்கள். டீக்கடைப் பேச்சுக்கு வாராந்தரப் பத்திரிகையில் ஒரு பக்கம் கிடைத்தது. ஒரு படத்துக்கு ஒரே ஒரு கருத்து இருக்க முடியாது, ஒருவருக்குள்ளேயே இரண்டு இருக்கும் என்பதையும் அந்த வடிவம் ஒப்புக்கொண்டது. பிற்பாடு விகடன் மார்க் போட ஆரம்பித்தது. 1977-இல் '16 வயதினிலே' வாங்கிய 62½ மார்க்கை இன்றும் ரசிகர்கள் பரீட்சை முடிவு போலச் சொல்கிறார்கள். மார்க் வந்த பிறகு விவாதம் சுருங்கியது என்பது என் வருத்தம். 62½ எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. முனுசாமி ஏன் சலித்துக்கொண்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பெண்களின் தீர்ப்பைப் பற்றி ஆண்கள் எழுதிய வரலாறுகளில் ஒரு வரிக்கு மேல் கிடைக்காது. தியேட்டரில் அவர்களுக்குத் தனிப் பகுதி, தனி டிக்கெட் வரிசை. வெளியே வந்த முகத்தைப் பார்த்தே படம் ஓடுமா ஓடாதா என்று விநியோகஸ்தர்கள் கணித்தார்கள். 'தாய்க்குலத்தின் பேராதரவு பெற்ற' என்ற சொற்றொடரைச் சுவரொட்டியில் போட்டால் அதற்குக் காசு மதிப்பு இருந்தது. 1961-இல் 'பாசமலர்' பார்த்தவர்கள் 'நல்லா அழுதோம்' என்று சொன்னதைச் சிரிப்புக்குரியதாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஒரு வீட்டில் பிறந்து இன்னொரு வீட்டில் வாழ்க்கைப்பட்டு, அண்ணனைப் பார்க்கவே நாள் கணக்குப் பார்க்க வேண்டியிருந்த பெண்கள், தம் சொந்தத் துக்கத்தை மூன்று மணி நேரம் வெளிப்படையாக அழ அந்தப் படம் இடம் கொடுத்தது. அவர்கள் சொன்னது ஒரு வார்த்தைதான். அதற்குப் பின்னால் இருந்ததை எழுதி வைக்க ஆள் இல்லை.

சினிமாப் பேச்சுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. நாற்பதுகளில் லட்சுமிகாந்தன் 'சினிமா தூது', 'இந்து நேசன்' என்று மஞ்சள் பத்திரிகை நடத்தி நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை விற்றார். 1944 நவம்பரில் வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போய், மேல்முறையீட்டுக்குப் பிறகு 1947-இல்தான் விடுதலையானார்கள். கொலை நடந்த 1944-இன் தீபாவளிக்கு வெளியாகியிருந்தது பாகவதரின் 'ஹரிதாஸ்'. நாயகன் சிறையில் இருந்த நாட்களில் சென்னை பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாகவதரைப் பற்றி ஊரில் என்னென்னவோ பேசினார்கள். படத்தைப் பற்றிய பேச்சை அதிலிருந்து பிரித்துவைக்கவும் அதே மக்களுக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பக்குவத்தை நாம் பாராட்டியது போதாது என்றே நினைக்கிறேன்.

வாய்ப்பேச்சு தனியாகவே ஒரு படத்தைத் தூக்கி நிறுத்திய கதைகள் நமக்குத் தெரிந்தவைதான். '16 வயதினிலே'யை வாங்க விநியோகஸ்தர்கள் முன்வராததால் தயாரிப்பாளர் எஸ்.ஏ. ராஜ்கண்ணு தாமே வெளியிட்டார். மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரியில் எடுக்கப்பட்ட 'ஒரு தலை ராகம்' 1980-இல் முதலில் மந்தமாகத்தான் தொடங்கியது. மாணவர்கள் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு போய் அதை வெள்ளிவிழா காண வைத்தார்கள். 1999 டிசம்பரில் வந்த பாலாவின் 'சேது', வாங்க ஆளில்லாமல் பகல்காட்சியாக ஒட்டிக்கொண்டு நின்ற படம். பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல அரங்குகள் கூடி நூறு நாளைத் தாண்டியது. இந்த மூன்று படங்களிலும் ஒரு பொது விஷயம் உண்டு. முதல் வாரத்தில் அவற்றுக்குச் சாதகமாக எதுவும் இல்லை. இரண்டாம் வாரம்வரை ஒரு தியேட்டராவது அவற்றைத் தூக்காமல் வைத்திருந்தது. பேச்சு ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர நாளாகும். அந்த நாளைத் தியேட்டர்காரர் கொடுத்தார்.

மக்கள் சொன்னது எப்போதும் சரி என்று நான் வாதாட வரவில்லை. 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்தார். முதல் காட்சியிலேயே சிவாஜி சுடப்பட்டுச் செத்துப்போவார். காசு கொடுத்து சிவாஜியைப் பார்க்க வந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. வசூலில் தோற்ற படம் விருது பெற்றது. இன்று தமிழின் சிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் இருக்கிறது. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டரில் ஓடவில்லை. பிறகு தொலைக்காட்சியில் பண்டிகைக்குப் பண்டிகை போட, வீட்டில் சாப்பிட்டபடி பார்த்தவர்கள் அதை மெல்ல மெல்லத் தங்கள் படமாக்கிக்கொண்டார்கள். முன்பு 'போர்' என்று எழுந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் இப்போது அந்தப் படத்தைப் பற்றிக் கண்கலங்கப் பேசுகிறார்கள். மணல்மேட்டில் உட்கார்ந்து முதல் ரீலில் ஒன்றும் அடுத்த ரீலில் வேறொன்றும் சொன்னவர் செய்ததையேதான் இவர்களும் செய்தார்கள். அவருக்கு அரைமணி நேரம் போதுமாக இருந்தது, இவர்களுக்குப் பத்து ஆண்டு தேவைப்பட்டது.

இப்போது அந்த அவகாசம் எங்கே என்பதுதான் கேள்வி.

பெரிய நடிகரின் படம் என்றால் கேரளத்தில் அதிகாலைக் காட்சி முடிந்து, தமிழ்நாட்டில் ஒன்பது மணிக் காட்சி தொடங்கும் முன்பே தீர்ப்பு கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. இடைவேளையில் ஒரு ட்வீட், முடிந்ததும் வாசலில் மைக். கூட்டத்தில் இடிபட்டு வெளியே வருகிறவர் முன் மைக்கை நீட்டி 'எப்படி இருக்கு' என்று கேட்டால், அவர் தம் மனத்துக்குள் போய்ப் பார்த்துச் சொல்ல முடியாது. உரக்கச் சொல்வதுதான் வரும். ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பார்க்கிறார்கள். மறுநாள் அவருக்கே வேறு எண்ணம் தோன்றினாலும் அந்தப் பழைய முகமும் குரலும் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். திண்ணையில் பேசியவரை நமக்குத் தெரியும். அவருக்கு எந்த நடிகரைப் பிடிக்கும், எதற்குக் கோபப்படுவார், எந்த அளவு தள்ளிக் கணக்கிட வேண்டும் என்று தெரியும். இன்று சொல்பவர் யார் என்றே தெரியாமல் சொன்னதை மட்டும் வாங்கிக்கொள்கிறோம்.

தயாரிப்பாளர்களின் கோபம் புரிகிறது. 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம், முதல் நாள் முதல் காட்சிக்குத் தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. படம் வெளியாகி மூன்று நாள் சமூக ஊடகங்களில் விமர்சனமே கூடாது என்று உத்தரவிடக் கோரி தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் போனது. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. மறுத்தது சரி. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவனின் வாயைக் கட்டுவது 1935-இலும் நடந்திருக்க முடியாது, இப்போதும் நடக்கக்கூடாது. காசு வாங்கிக்கொண்டு பொய்யாகப் புகழ்வதும் இகழ்வதும் வேறு குற்றம். அதைத் தனியே பிடித்துத் தண்டிக்கட்டும். சுவரொட்டியில் தாங்களே 'மாபெரும் வெற்றி' என்று முதல் நாளே அச்சடிக்கிறவர்கள், ரசிகன் முதல் நாளே பேசக்கூடாது என்று சொல்வதை ஏற்க முடியவில்லை.

நான் குறை காணும் இடம் வேறு. முன்பு ஒரு படம் ஏ சென்டரில் ஓடி முடித்து, பி, சி சென்டர்களுக்கு இறங்கி, கடைசியில் கொட்டகைக்கு வரும்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்கும். ஒவ்வொரு படியிலும் புது ஆட்கள், புதுப் பேச்சு. நகரத்தில் தோற்ற படம் கிராமத்தில் நிமிர்ந்த சம்பவங்கள் உண்டு. இன்று ஒரே வெள்ளிக்கிழமை எல்லா ஊரிலும் இறக்குகிறார்கள். திங்கள்கிழமை காட்சிகளைக் குறைக்கிறார்கள். நான்கு வாரத்தில் படம் ஓ.டி.டி.க்குப் போய்விடுகிறது. பேசுகிறவர்கள் அவசரப்படுவதாகச் சொல்கிறோம். அவசரத்தைக் கற்றுக்கொடுத்தது வியாபாரம்தான். 2024 செப்டம்பரில் வந்த 'மெய்யழகன்' நல்ல உதாரணம். இழுவையாக இருக்கிறது என்று முதல் நாட்களில் பேச்சு வந்ததும் சுமார் பதினெட்டு நிமிடத்தை வெட்டினார்கள். அடுத்த மாதம் வீட்டில் நிதானமாகப் பார்த்தவர்கள், இரண்டு பேர் இரவு முழுக்க உட்கார்ந்து பேசுகிற அந்த நிதானத்துக்காகவே படத்தைக் கொண்டாடினார்கள். முதல் பேச்சும் உண்மை, இரண்டாவது பேச்சும் உண்மை. நடுவில் ஒரு மாதம் பொறுக்க யாருக்கும் தெம்பில்லாமல் போயிற்று.

தியேட்டர் உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேச்சு கூடிவருகிற சின்னப் படத்துக்கு ஒரு பகல்காட்சியையாவது இரண்டாம் வாரத்திலும் விட்டுவையுங்கள். 'சேது' வந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

படம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் எழுபது, எண்பது வயதில் யாராவது இருப்பார்கள். அவர்கள் எந்தக் கொட்டகையில், யாரோடு, எந்தப் படம் பார்த்தார்கள், வெளியே வந்து என்ன சொன்னார்கள் என்று கேட்டு அவர்கள் வாய்மொழியிலேயே எழுதி வையுங்கள். முக்கியமாகப் பாட்டிகளைக் கேளுங்கள். பரணில் பாட்டுப் புத்தகமோ நோட்டீஸோ கிடைத்தால் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல், சென்னையில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் போன வாரம் பார்த்த படத்தைப் பற்றி நினைத்ததையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த வருஷம் அதே படத்தை மறுபடி பார்த்தால் அதன் கீழேயே எழுதுங்கள்.